வேட்டை ரைஃபிளில் தொடாக்குழல் அமைப்பு: வின்செஸ்டர் மாடல் 70இன் 1964ஆம் ஆண்டு மாற்றத்தை முன்வைத்து

முன்னுரை

வேட்டை ரைஃபிளின் குழலை முன்கட்டையோடு இறுகப் பொருத்துவதா, கட்டையைத் தொடாமல் விடுவதா என்பது இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கத் துப்பாக்கி வினைஞரிடையே நீடித்த விவாதமாகும். குழல் ரிசீவரில் மட்டும் திருகப்பட்டு, எஞ்சிய நீளம் கட்டையைத் தொடாதிருக்கும் நிலை ‘ஃப்ரீ ஃப்ளோட்டிங்’ எனப்படும். இக்கட்டுரை அதனைத் ‘தொடாக்குழல்’ எனக் குறிக்கிறது. வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிளில் 1964இல் நிகழ்ந்த மாற்றத்தின்வழி அவ்விவாதம் இங்கு ஆராயப்படுகிறது.

குழலும் கட்டையும்

சுடும்போது குழல் அதிர்கிறது. அவ்வதிர்வு ஒவ்வொரு முறையும் சீராக அமைந்தால் குண்டுகள் நெருங்கிக் குவியும். வால்நட் மரக்கட்டையோ ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கும். குழலின்மீதான அழுத்தம் மாறிக் குறி விலகும். தொடாக்குழல் இக்குறையைக் களைகிறது. எனினும், மெல்லிய குழல்கள் சில முன்கட்டை நுனியின் அளவான அழுத்தத்தில் மேலும் சீராக இயங்கின. 1962இல் வெளிவந்த ரெமிங்டன் மாடல் 700 இவ்வழியையே பின்பற்றியது.

1964ஆம் ஆண்டு மாற்றம்

1936இல் அறிமுகமான மாடல் 70இன் வழக்கமான வடிவில், முன்கட்டைத் திருகு ஒன்று குழலைக் கட்டையோடு பிணைத்திருந்தது. உற்பத்திச் செலவைக் குறைக்கும் நோக்கில் 1964இல் செய்யப்பட்ட மறுவடிவமைப்பில் குழல் தொடாக்குழலாயிற்று; இடைவெளியும் கண்ணுக்குப் புலப்படுமளவு அகன்றது. அதே ஆண்டில் தோட்டா உறையைப் பற்றி இழுக்கும் நீண்ட கொக்கி கைவிடப்பட்டது. கட்டையில் செதுக்கப்பட்டுவந்த பிடிக்கோடுகள் அச்சால் அழுத்திப் பதிக்கப்பட்டன. இவற்றோடு சேர்த்துப் பார்த்த வேட்டையர், இடைவெளியையும் மலிவின் அடையாளமாகவே கொண்டனர். ‘1964க்கு முந்தையது’ என்பது சேகரிப்பாளரிடையே உயர்தரத்தைச் சுட்டும் தொடராயிற்று.

இத்தீர்ப்பில் இரு வினாக்கள் கலந்துவிட்டன. கொக்கியின் நீக்கம் இயக்க நம்பகத்தைப் பற்றியது. இடைவெளி துல்லியத்தைப் பற்றியது. குழலையும் கட்டையையும் முழு நீளத்திற்கும் பொருத்தக் கைவினை நுட்பம் வேண்டும். தொடாக்குழலுக்கு அது தேவையில்லை. ஆகவே, செலவைக் குறைத்த அதே மாற்றம் ஈரத்தால் நேரும் குறிவிலகலையும் குறைக்க வல்லதாக இருந்தது. மலிவும் துல்லியமும் எப்போதும் முரண்படும் என்னும் முன்முடிவு இதனை மறைத்தது.

முடிவுரை

1980களில் ஈரம் உறிஞ்சாத செயற்கைக் கட்டைகள் பரவின. மரத்தின் உப்பல் என்னும் காரணம் வலுவிழந்த பின்னரும் தொடாக்குழல் மறையவில்லை, மேலும் பரவலாயிற்று. தொழிற்சாலைப் பொருத்தத்தின் எளிமையும் அதற்குத் துணைநின்றது. எனவே, 1964இல் எழுந்த எதிர்ப்பைத் துல்லியம் பற்றிய சான்றாகக் கொள்ளலாகாது. கைவினை மதிப்பின் இழப்பிற்கு எழுந்த எதிர்வினையாகவே அதனை வாசித்தல் தகும். தொடாக்குழல் ஏற்றதா என்பதைக் குறிப்பிட்ட குழலைச் சுட்டு, குண்டுகளின் குவிவை ஒப்பிட்டே முடிவு செய்ய இயலும்; கட்டைக்கும் குழலுக்கும் இடையே தெரியும் இடைவெளி அதற்கு அளவுகோலாகாது.