பட்டைத் தொட்டியும் பட்டப் படிப்பும்

ஆவாரம்பட்டை, கடுக்காய், சுண்ணாம்பு. இவற்றோடு, தடவிப் பார்த்தே பக்குவம் சொல்லிவிடும் கைகள். வாணியம்பாடி, ஆம்பூர், திண்டுக்கல் ஊர்களின் தோல் பதனிடும் ஷாப்புகள் நெடுங்காலம் இவற்றை நம்பியே நடந்தன. தோல் பாதிப் பதத்தில் கப்பலேறியது. ஐரோப்பாவில் மெருகேறிச் செருப்பாகவும் கைப்பையாகவும் விலைபோனது. உழைப்பும் நாற்றமும் இங்கே, பெரும்பணம் அங்கே.

அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948இல் பிறந்தது. அழகப்ப செட்டியாரின் கொடையால் 1944இல் உருவான தொழில்நுட்பக் கல்லூரி அதற்கு அண்டை வளாகம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தோல் தொழில்நுட்பப் படிப்பு இரண்டையும் இணைத்தது. வேதியியல் பாடம் கல்லூரியில்; தோலை ஊறவைப்பதும் மயிர் நீக்குவதும் டிரம்மில் சுழலவிடுவதும் ஆராய்ச்சி நிலையத்தின் பதனிடும் கூடத்தில். பாடம் நடத்தியவர்கள் அங்கிருந்த ஆராய்ச்சியாளர்களே. படித்தவர்கள் தோல் ஷாப்புகளுக்கு வேலைக்குப் போனார்கள். அங்கே சிக்கல் முளைத்தால் யாரிடம் கேட்பது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எந்த ஒப்பந்தத்தையும்விட இந்தப் பழக்கமே வலுவான பிணைப்பு.

இதை வளர்த்தவர் யலவர்த்தி நாயுடம்மா. தெனாலிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1958 முதல் 1971 வரை நிலையத்தின் இயக்குநர். தோல் வேலையைத் தீட்டாகப் பார்த்த சமூகத்தில், அதைப் படித்துச் செய்யும் தொழிலாக நிமிர்த்தியது அவருடைய பெரும்பணி. ஆராய்ச்சியாளர்களும் பதனிடுவோரும் ஆண்டுதோறும் ஒரே கூடத்தில் கூடிப் பேசும் வழக்கம் வேரூன்றியது. கான்பூர், கல்கத்தா போன்ற ஊர்களில் விரிவாக்க மையங்கள் தோன்றின. 1985இல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் அவர் உயிரிழந்தார்.

உண்மையான சோதனை 1973இல் வந்தது. தோல் தொழில் குறித்த சீதாராமையா குழு முந்தைய ஆண்டு தந்த பரிந்துரைப்படி, பச்சைத்தோல் ஏற்றுமதியை அரசு தடுத்தது; பாதிப் பதத்தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. முழுமையாகப் பதனிட்டு மெருகேற்றினால்தான் இனிப் பிழைப்பு. கால் நூற்றாண்டாகச் சேர்ந்திருந்த அறிவும் பயிற்சி பெற்ற ஆட்களும் அப்போது கைகொடுத்தனர். இவை இல்லாமல் தடை மட்டும் வந்திருந்தால், பல ஷாப்புகள் மூடப்பட்டிருக்கும்.

அடுத்த அடி பாலாற்றிலிருந்து வந்தது. கழிவுநீர் கிணறுகளையும் வயல்களையும் கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சுத்திகரிப்பு இல்லாமல் இயங்கக்கூடாது என்றது. ஆற்றங்கரை மக்கள் தந்த விலையோடு ஒப்பிட்டால் அந்தத் தொகை மிகச் சிறியது. ஆலை முதலாளிகள் மறுபடியும் அடையாற்றின் கதவைத் தட்டினார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும், பதனிடப் பயன்படும் குரோமியத்தைக் கழிவுநீரிலிருந்து மீட்டெடுக்கும் முறைகளுக்கும் ஆராய்ச்சி நிலையம் துணைநின்றது. குரோமியத்தை மீட்கலாம்; ஆனால் தோல் அழுகாமலிருக்க இடும் உப்பு தண்ணீரில் கரைந்துவிட்டால், அதைப் பிரித்தெடுக்க ஆகும் செலவு சிறிய ஷாப்புகளுக்குக் கட்டுப்படியாவதில்லை.