பசி தாங்குவது பயிற்சி அல்ல: நெடுந்தூர ஓட்டக்காரரின் சாப்பாடு

காலை ஐந்தரைக்குத் தொடங்கிய பயிற்சி. நான்காவது கிலோமீற்றரில் என் மாணவி ஒருத்தி தலைசுற்றி வீதியோரம் இருந்துவிட்டாள். வன்னியில் சில வருடங்களாக நெடுந்தூர ஓட்டம் பழக்குகிறேன். இது எனக்குப் புதிதல்ல.

"காலமை என்ன பிள்ளை சாப்பிட்டனி?"

"பிளேன்ரீ குடிச்சனான் சேர்."

முதல் நாள் இரவும் இரண்டு துண்டுப் பாண்தான். வீட்டுக்குக் கூட்டிச் சென்றபோது தாயார் சொன்னார்: "2009இல வெறும் கஞ்சியோட எத்தனை நாள் நடந்தனாங்கள் சேர். ஒரு நேரம் சாப்பிடாமல் இவளால ஓடேலாதோ?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கஞ்சி வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். ஆனால் அது உயிரைப் பிடித்து வைத்திருந்த சாப்பாடு. வளரும் பிள்ளை ஒன்று நாள்தோறும் ஓடித் தேறுவதற்கு அது போதாது. பசியைத் தாங்கப் பழகிய நாங்கள், அதையே பிள்ளைகளுக்கும் பயிற்சியாகக் கொடுத்துவிடக்கூடாது.

எரிபொருள் சோறுதான்

நீண்ட ஓட்டத்தின் முதன்மை எரிபொருள் மாச்சத்து. உடல் அதைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கிறது. இந்தச் சேமிப்பு ஏறத்தாழ 400 முதல் 500 கிராம்தான். கடுமையாக ஓடினால் ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்தில் அது பெரும்பாலும் தீர்ந்துவிடும். மரதன் ஓடுபவர்கள் 30 கிலோமீற்றருக்குப் பிறகு கால் கல்லாய்ப் போனது என்று சொல்வது இதனால்தான். இரவுச் சாப்பாடு குறைந்து, காலையிலும் ஒன்றும் சாப்பிடாதவருக்கு இந்த நிலை மிக முன்னதாகவே வரும்.

தினமும் ஒரு மணித்தியாலமளவில் பயிற்சி செய்பவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 5 முதல் 7 கிராம் மாச்சத்து வேண்டும். 50 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 300 கிராம் என்று வைப்போம். சமைக்காத அரிசியாகக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 380 கிராம். சோறு, புட்டு, இடியப்பம், மரவள்ளி, வாழைப்பழம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். உலகை வென்ற கென்ய ஓட்டக்காரர்களின் தட்டிலும் பெரும்பகுதி சோளமாக் களிதான்.

தசைக்குப் புரதம்

கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் புரதம் போதும். 50 கிலோ பிள்ளைக்கு 60 முதல் 80 கிராம். 100 கிராம் பயறில் ஏறக்குறைய 24 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராமளவு, ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. மிச்சத்தில் நல்ல பங்கு சோற்றிலிருந்தே கிடைக்கும். டப்பாவில் விற்கும் புரத மாவுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

எப்போது சாப்பிடுவது?

போட்டிக்கு மூன்று மணித்தியாலம் முன் வழமையான சாப்பாடு. எண்ணெயும் உறைப்பும் குறைவாக இருக்கட்டும். விடியற்காலைப் பயிற்சிக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது. அரை மணித்தியாலம் முன் ஒரு வாழைப்பழமோ, பனங்கட்டியோடு ஒரு கோப்பை கஞ்சியோ போதும். ஓடி முடித்து ஒரு மணித்தியாலத்துக்குள் மாச்சத்தும் புரதமும் சேர்ந்த உணவு வேண்டும். அவித்த பயறும் தேங்காய்ப்பூவும், அல்லது பாணும் முட்டையும் நல்லவை. போட்டியன்று புதிதாக எதையும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

தண்ணீரும் உப்பும்

எங்கள் வெயிலில் உடல் நிறையில் 2 சதவீதம் வியர்வையாகப் போனாலே ஓட்டம் தளரும். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லீற்றர் வரை ஆறுதலாகக் குடியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடுவதானால், ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் 12 மட்டத் தேக்கரண்டி சீனி, கால் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி கலந்து வைத்துக்கொள்ளலாம். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்புவரை போகலாம்.

பெண் பிள்ளைகள்

காரணமில்லாத களைப்பு, மூச்சு வாங்குதல், நேரம் பின்தங்குதல் இருந்தால் இரத்தச்சோகையாக இருக்கலாம். அரச வைத்தியசாலையில் இலவசமாகப் பரிசோதிக்கலாம். மீன், இறைச்சி, கௌபி, கீரை வகைகளில் இரும்புச்சத்து உண்டு. தேசிக்காய்ப் புளி சேர்த்தால் அது நன்றாக உறிஞ்சப்படும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும்; ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். பயிற்சிக் காலத்தில் மாதவிடாய் நின்றுபோனால், ஓடுகிற பிள்ளைக்கு அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். உடலுக்குச் சாப்பாடு போதவில்லை என்பதன் அடையாளமாக அது இருக்கலாம். எலும்பும் பலவீனமாகும். வைத்தியரிடம் காட்டுங்கள்.

அந்தத் தாயிடம் இதையெல்லாம் ஒரு பின்னேரம் இருந்து கதைத்தேன். கேட்டு முடித்து, "அப்ப பயறு வாங்கவேணும்" என்றார். பிறகு, அதை வாங்க அந்தக் கிழமை காசில்லை என்றும் சொன்னார்.

புலம்பெயர் உறவுகளும் பழைய மாணவர்களும் எங்கள் பிள்ளைகளுக்குச் சப்பாத்தும் மேலாடையும் வாங்கித் தருகிறார்கள். நன்றி. இனி உதவுவோர் பயிற்சி முடிந்ததும் ஒரு பிடி பயறும் ஒரு முட்டையும் கிடைக்க வழி செய்யுங்கள். சப்பாத்தில்லாமல் ஓடி வென்ற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். சாப்பாடில்லாமல் ஓடி நிலைத்த பிள்ளையை இன்னும் காணவில்லை.