ஆன்டெனா உயரமா இருந்தால்தான் சிக்னல் கிடைக்குமா? ஹாம் ரேடியோவில் தலைகீழான ஒரு கணக்கு!

புயலில் செல்போன் டவர்கள் எல்லாம் செயலிழந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் இருந்து நாகப்பட்டினத்துக்கு அவசரத் தகவல் அனுப்ப வேண்டும். நேர்கோட்டில் சுமார் 260 கி.மீ. தூரம். கையில் இருப்பது ஒரு ஹாம் ரேடியோவும் 20 மீட்டர் கம்பியும்தான். அந்தக் கம்பியை எவ்வளவு உயரத்தில் கட்டுவது?

"எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது" என்பதுதான் ஹாம் ரேடியோ பயன்படுத்துபவர்கள் காலம்காலமாகச் சொல்லும் பதில். வெளிநாடுகளுடன் பேச அது சரியான பதிலும்கூட. 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், டைபோல் எனப்படும் இந்தக் கம்பி ஆன்டெனாவை 20 மீட்டர் உயரத்தில், அதாவது அரை அலைநீள உயரத்தில் கட்டினால், அலைகள் தாழ்வான கோணத்தில் கிளம்பி, அயனி மண்டலத்தில் பட்டு, ஆயிரம் கி.மீ.க்கு அப்பால் போய் இறங்கும்.

சிக்கலே அங்கேதான். சிங்கப்பூர்காரர் பேசுவது கேட்கும், நாகைக்காரர் கேட்க மாட்டார்!

கம்பியைக் கீழே இறக்கினால் என்ன ஆகும்?

அதே கம்பியை 5 முதல் 10 மீட்டர் உயரத்துக்கு இறக்கினால் தரையே கண்ணாடி மாதிரி வேலை செய்து, அலைகளை நேராக மேலே தள்ளுகிறது. தோட்டத்து ஹோஸ் பைப்பை வானத்தைப் பார்த்துப் பிடித்தால் தண்ணீர் நம்மைச் சுற்றியே விழும் இல்லையா, அதுபோல மேலே போன அலைகள் திரும்பிவந்து சில நூறு கி.மீ. சுற்றளவை நிரப்பிவிடும். மலை குறுக்கே இருந்தாலும் பிரச்னை இல்லை. இந்த முறைக்கு என்விஐஎஸ் என்று பெயர். ராணுவ வாகனங்களில் நீளமான ஆன்டெனாவை வளைத்துக் கட்டியிருப்பதற்கும் இதுதான் காரணம்.

2004 சுனாமியின்போது அந்தமானில் ஹாம் ரேடியோவின் தேவையை நாடே பார்த்தது. பாரதி பிரசாத் தலைமையில் ஏற்கனவே போர்ட் பிளேரில் இருந்த குழுதான், தொடர்பு அறுந்த தீவுகளின் தகவல்களை வெளியே கொண்டுவந்தது.

அப்போ புதுசா யார் என்ன சொன்னாலும் நம்பலாமா?

கூடாது. 1980களின் இறுதியில் வந்த 'கிராஸ்டு ஃபீல்டு' ஆன்டெனா, அளவில் மிகச் சிறியதாக இருந்தும் பெரிய ஆன்டெனாவுக்கு இணையாக வேலை செய்யும் என்றார்கள். அளந்து பார்த்தபோது அந்தப் பேச்சு எடுபடவில்லை. "எஸ்டபிள்யூஆர் மீட்டர் 1:1 காட்டுகிறதே" என்பது இதுபோன்ற அதிசய ஆன்டெனாக்களுக்குச் சொல்லப்படும் வழக்கமான சான்று. ஆனால் வெறும் 50 ஓம் ரெசிஸ்டரை மாட்டினாலும் மீட்டர் அதையேதான் காட்டும். அது மின்சக்தியைச் சூடாக்கி வீணடிக்குமே தவிர, அலையாக அனுப்பாது. சாதாரண டைபோல் ஒன்றைப் பக்கத்தில் கட்டி, மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

தாழ்வாகக் கட்டுவதிலும் எல்லை உண்டு. ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று இறக்கினால் சக்தியைத் தரையே விழுங்கிவிடும். அதேபோல 7 மெகாஹெர்ட்ஸ் பகலுக்குத்தான் தோது. இருட்டியதும் மேலே போகும் அலை திரும்பாமல் போகலாம் என்பதால் 3.5 மெகாஹெர்ட்ஸுக்கு மாற வேண்டியிருக்கும். அதற்கு 40 மீட்டர் கம்பி வேண்டும்.