கம்பளி போர்த்திய பீப்பா

மார்கழிக் குளிரில் தோசைமா பொங்காமல் கிடந்தால் என்ன செய்வோம்? சட்டியை அடுப்புக்குப் பக்கத்தில தள்ளி வைப்போம். அதுவும் சரிவராவிட்டால் பழஞ்சீலையால் சுத்தி விடுவோம். இதையெல்லாம் யாரும் வரலாறு என்று எழுதுவதில்லை. ஆனால் இதே வேலையைப் பல நூற்றாண்டுகளாகச் செய்த நோர்வே கமக்காரரின் கதையைப் படித்தபோது, இதுவும் வரலாறுதான் என்று எங்களுக்குப் பட்டது.

நோர்வேயின் மேற்குக் கரையில் வீட்டில் பியர் காய்ச்சுவது ஒருகாலத்தில் கடமை. மத்தியகாலக் குலாத்திங் சட்டம், நத்தாருக்குக் கமக்காரர்கள் பியர் காய்ச்சியே ஆகவேண்டும் என்றது. தவறினால் தண்டம்; மூன்று வருசம் தொடர்ந்து தவறினால் சொத்தே போய்விடும். நத்தார் என்றால் கடுங்குளிர். குளிரில் மதுவம் உறங்கிவிடும், பியர் நொதிக்காது.

வெப்பமானி இல்லாத காலம் அது. காய்ச்சிய சாறு 'கறந்த பாலின் சூட்டுக்கு' ஆறியதும் மதுவத்தைச் சேர்த்தார்கள். பிறகு பீப்பாவைப் போர்வைகளால் மூடினார்கள். போர்வை சூட்டை உண்டாக்காது. நொதிக்கும்போது மதுவமே சூட்டை வெளிவிடும். போர்வை அதை வெளியே போகாமல் மறிக்கும், அவ்வளவுதான்.

அந்த மதுவத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'க்வைக்'. மரவளையங்களிலோ துணியிலோ காயவைத்து அடுத்த முறைக்குப் பாதுகாத்தார்கள். பழுதாகிவிட்டால், நாங்கள் உறைமோர் கேட்டுப் போவதுபோல, பக்கத்து வீட்டில் வாங்கினார்கள்.

பெரிய ஆலைகள் போனது எதிர்த்திசையில். 1870களில் கார்ல் வொன் லிண்டெயின் குளிரூட்டும் இயந்திரம் ஜேர்மன் பியர் ஆலைகளுக்கு வந்தது. 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் ஹான்சன் தூய மதுவத்தைத் தனியே பிரித்து வளர்த்தார். பிற்காலத்தில் கடை மதுவம் கைக்கெட்டியதும் பல வீடுகளில் க்வைக் கைவிடப்பட்டு அழிந்தது. வொஸ் போன்ற சில இடங்களில் மட்டும் குடும்பங்கள் விடாமல் வைத்திருந்தன.

அந்த வீடுகளில் மிஞ்சியவற்றை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, க்வைக் மரபணு ரீதியில் தனிக் கூட்டம் என்று காட்டியது. மற்றப் பியர் மதுவங்கள் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸை அண்டி வேலை செய்யும். க்வைக் 30 முதல் 40 பாகையிலும் நன்றாக நொதிக்கும். பாலின் சூட்டில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த கைகளுக்கு அதில் பங்கு இருக்கிறது.

எங்கட வீடுகளிலும் அப்பமாவுக்குக் கள்ளு விட்ட கைகள் இப்போது பக்கற் ஈஸ்ட் போடுகின்றன. எவ்வளவு கள்ளு, எவ்வளவு நேரம் என்று அம்மம்மாவைக் கேட்டால், "பார்த்தாத் தெரியும்" என்பா. அவ சொல்வது உண்மைதான். ஆனால் பக்கத்தில நின்று பார்த்தவைக்குத்தான் தெரியும். நாங்கள் இன்னும் நின்று பார்க்கவில்லை.