ஹேஸ்ரிங்ஸில் ஒரு வெற்றி: சுல்தான் கானும் கப்பாபிளாங்காவும்

சதுரங்க வரலாற்றை ஆராய்வோர்க்குக் கிடைக்கும் சான்றுகளுள் ஆட்டப் பதிவு தனிச்சிறப்புடையது. வீரரைப் பற்றிய கதைகள் காலத்துக்குக் காலம் மாறும். பத்திரிகைகள் தாம் விரும்பியவாறு எழுதும். எக்காய் எந்நகர்வில் எக்கட்டத்துக்குச் சென்றது என்ற பதிவோ மாறுவதில்லை. 1930-31 ஹேஸ்ரிங்ஸ் சுற்றுப்போட்டியில் பஞ்சாப்பைச் சேர்ந்த மீர் சுல்தான் கான், முன்னாள் உலக சம்பியன் கப்பாபிளாங்காவைத் தோற்கடித்த ஆட்டத்தின் பதிவு இவ்வகையில் ஊன்றி நோக்கத்தக்கது. எழுத்தறிவற்ற ஏவலாளர் ஒருவரிடம் தற்செயலாக வெளிப்பட்ட விந்தை ஆற்றல் என்று மேனாட்டார் பலகாலம் கூறிவந்த விளக்கத்துக்கு, அப்பதிவில் ஆதாரம் உண்டா என்பதே இங்கு எழும் வினா.

கியூபா நாட்டவரான கப்பாபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக சம்பியனாக விளங்கியவர். 1916 இலிருந்து 1924 இல் நியூயோர்க்கில் ரெற்றியிடம் தோற்கும் வரை, எட்டாண்டுகள் ஓர் ஆட்டத்திலேனும் தோல்வி காணாதவர். 1927 இல் அலெக்கைனிடம் பட்டத்தை இழந்த பின்னரும் அவரை வெல்லுதல் அரிதாகவே இருந்தது. அவர் எதிரே அமர்ந்த சுல்தான் கான் மேனாட்டு விதிகளின்படி ஆடத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தந்தையிடம் இந்தியச் சதுரங்கத்தைக் கற்ற அவரைப் பெருநிலக்கிழாரான சேர் உமர் ஹயாத் கான் ஆதரித்தார். 1928 இல் அகில இந்தியப் போட்டியில் வென்ற சுல்தான் கான், 1929 இல் உமருடன் இலண்டன் சென்று, அவ்வாண்டிலேயே பிரித்தானிய சம்பியன் பட்டத்தையும் பெற்றார். யேற்ஸ், வின்ரர் என்னும் ஆங்கில வீரர் இருவர் அவருக்குப் பயிற்சியளித்தனர்.

அவர் முதலிற் கற்ற ஆட்டத்தின் இயல்பை அறியாது ஹேஸ்ரிங்ஸ் ஆட்டத்தை விளங்கிக்கொள்ள இயலாது. இந்திய முறையிற் காலாள் தொடக்கத்திலும் ஒரு கட்டமே நகரும். மேனாட்டு ஆட்டத்தில் அரசனையும் கோட்டையையும் ஒரே நகர்விற் பெயர்த்து அரசனைப் பாதுகாக்கும் ஏற்பாடு அங்கில்லை. மாறாக, அரசன் ஒருமுறை குதிரை போற் பாயலாம். இதனால் ஆட்டம் மெதுவாகத் தொடங்கும், காலாள்கள் ஒன்றையொன்று மறித்து நிற்கும், பொறுமையே முதற்பலமாகும்.

வெள்ளைக் காய்களுடன் ஆடிய சுல்தான் கான் ஐந்தாம் நகர்வில் இடப்புற ஓரக் காலாளை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தினார். வீண் நகர்வு போலத் தோன்றும் இது, கறுப்பு மந்திரி முன்னேறிவந்து தன் குதிரையைக் கட்டிப்போடாதவாறு தடுப்பது. பிற்காலத்தில் இம்முறை உலக சம்பியன் பெட்ரோசியானின் பெயரோடு வழங்கலாயிற்று. 13ஆம் நகர்வில் அவர் தம் குதிரையைக் கொடுத்துக் கறுப்பின் ஒரு மந்திரியை அகற்றினார். எஞ்சிய மந்திரியின் பாதையைக் கறுப்பின் சொந்தக் காலாளே நடுப்பலகையில் அடைத்து நின்றது. 17ஆம் நகர்வில் நிகழ்ந்த குதிரை மாற்றத்தால் மற்றுமொரு காலாள் அதன் அருகே வந்து சேர, மந்திரி முற்றாகச் சிறைப்பட்டது. அரசனைப் பாதுகாப்பான மூலைக்குக் கொண்டுசெல்லவேண்டிய வேளையில் வலப்புறக் காலாள்களையே அவர் முன்செலுத்தினார். பழைய ஆட்டத்திற் பழகியவருக்கு நடுவில் நிற்கும் அரசன் அச்சம் தரவில்லைப் போலும்.

திறந்திருந்த ஒரே நிரல் இடப்புறமிருந்து மூன்றாவது. கப்பாபிளாங்கா தம் கோட்டைகள் இரண்டையும் அதில் நிறுத்தினார். 21ஆம் நகர்வில் அவற்றுள் ஒன்றை வெள்ளை மந்திரி தாக்கவே, முன்னின்ற கோட்டை கடைசி நிரைவரை பாய்ந்து அரசனைத் தாக்கிற்று. சுல்தான் கான் அதனை வெட்டாது அரசனை இரண்டாம் நிரைக்கு ஏற்றினார். 24ஆம் நகர்வின் முடிவிற் கறுப்பு ஓர் அரசியைப் பெற்று, அதற்கு ஈடாக இரு கோட்டைகளையும் இழந்திருந்தது. கணக்கில் இது பெரிய நட்டமன்று. திறந்த பலகையாயின் கப்பாபிளாங்காவின் அரசி வெற்றியையே தேடித் தந்திருக்கவும் கூடும். ஆயின் அப்பலகை அடைபட்டிருந்தது. அரசிக்கு ஓட வழியுமில்லை, தாக்கத்தக்க காவலற்ற காயுமில்லை. கோட்டைகளுக்கோ அந்த ஒரே நிரல் போதுமானதாயிற்று.

ஆட்டத்தின் உயிர்ப்பகுதி இதன் பின்னரே தொடங்குகின்றது. 35ஆம் நகர்விலிருந்து 41ஆம் நகர்வு வரை, தொடர்ந்து ஏழு தடவை, கப்பாபிளாங்கா செய்ததெல்லாம் தம் அரசியை வலப்புற ஓரத்தின் இரு கட்டங்களிடையே முன்னும் பின்னும் நகர்த்தியமையே. வேறு வழியின்மையின் ஒப்புதலாகவே இதனைக் கொள்ளவேண்டும். அவ்வேளையிற் சுல்தான் கான் தம் அரசனை இடப்பக்கத்துக்கு நடத்திச் சென்றார். அவசரம் எதுவுமில்லை. 45ஆம் நகர்வில் இரண்டாம் நிரற் காலாள் முன்னேறி, கறுப்புக் காலாளொன்றை நிலைபெயரவொண்ணாது இருத்திற்று. 53ஆம் நகர்விற் கோட்டை ஆறாம் நிரையில் ஊன்றியது. 59ஆம் நகர்வில் தம் காலாளொன்றைக் கறுப்பரசிக்கு இரையாக விட்டு, அது விலகியிருந்த தருணத்தில் இருத்திவைத்த காலாளை 61ஆம் நகர்விற் கைப்பற்றினார். தடை நீங்கிய வெள்ளைக் காலாள் முன்னேறிற்று. 65ஆம் நகர்வுடன் கப்பாபிளாங்கா தோல்வியை ஏற்றார்.

நாற்பது நகர்வுகளுக்கு மேலாக ஒரே திட்டத்தைக் கைவிடாது நடத்திய இவ்வாட்டத்திற் தற்செயலுக்கு இடமெங்கே? இரு விதிமுறைகளிற் பழகி, ஒன்றன் பயிற்சியை மற்றதிற் பயன்படுத்திய அறிவே இதிற் புலப்படுகின்றது. ஏவலாளர் என்ற கதைக்கு மூலங்கள் உண்டு. 1933 இல் உமரின் இல்லத்துக்கு விருந்துக்குச் சென்ற அமெரிக்க அணியினருக்கு உணவு பரிமாறியவர் சுல்தான் கானே என அமெரிக்க வீரர் ரூபன் ஃபைன் எழுதினார். 2020 இல் வெளிவந்த நூலொன்றும் அவரைப் பணியாளராகவே சித்திரித்தது. அவர் ஏவலாளருமல்லர், எழுத்தறிவற்றவருமல்லர் எனக் குடும்பத்தார் அதனை மறுத்தனர். அவர் எந்நிலையில் அவ்வீட்டில் வாழ்ந்தார் என்பதை ஆட்டப் பதிவு கூறாது. அவர் எவ்வாறு சிந்தித்தார் என்பதை அது ஐயத்துக்கிடமின்றிக் கூறும்.

ஹேஸ்ரிங்ஸில் யூவே முதலிடத்தையும் கப்பாபிளாங்கா இரண்டாமிடத்தையும் பெற, சுல்தான் கான் மூன்றாமவரானார். 1931 இல் பிராக் நகரில் ஃப்ளோரையும் ரூபின்ஸ்ரைனையும் வென்றார். 1932 இலும் 1933 இலும் பிரித்தானிய சம்பியன் பட்டத்தை மீண்டும் பெற்றார். 1933 இன் இறுதியில் உமர் தாயகம் திரும்பியபோது அவரும் திரும்பினார். ஐரோப்பியப் போட்டிகளில் அவர் பின்னர் ஆடவில்லை.

உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1950 இல் முதன்முறையாக கிராண்ட்மாஸ்ரர் பட்டத்தை இருபத்தேழு பேருக்கு வழங்கிற்று. 1932 உடன் போட்டிகளிலிருந்து விலகிவிட்ட ரூபின்ஸ்ரைன் அப்பட்டியலில் இடம்பெற்றார். அவரை வென்ற சுல்தான் கான் அப்போது பாகிஸ்தானில் உயிருடனிருந்தும் இடம்பெறவில்லை. அவர் 1966 இல் சர்கோதாவில் காலமானார். 2024 பெப்ரவரியில், இறந்து ஐம்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அச்சம்மேளனம் கௌரவ கிராண்ட்மாஸ்ரர் பட்டத்தை அவர் பெயரில் இஸ்லாமாபாத்தில் பாகிஸ்தான் பிரதமரிடம் கையளித்தது.