ரேடியோ ரூம் திண்ணையிலிருந்து பூங்கா வரைக்கும்



மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்கன்னு கூட்டமைப்புல கேட்டாங்க. சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், கறவை மாடு இதைப் பத்தியெல்லாம் மத்தவங்க நல்லா எழுதுவாங்கன்னு எனக்குத் தெரியும். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ, கணக்கு எனக்கு அவ்வளவா வராது. அதனால யாரும் எழுத மாட்டாங்கன்னு நினைச்ச ஒரு விஷயத்தை எடுத்துக்கிட்டேன். பஞ்சாயத்து மூலமா நம்ம ஊருக்கு வந்த பொழுதுபோக்கு. ரேடியோ, டிவி, நூலகம், விளையாட்டுத் திடல், பூங்கா இதெல்லாம் எப்ப வந்துச்சு, அதுல பொம்பளைங்களுக்கு எந்த இடம் கிடைச்சுது, அதைத்தான் எழுதறேன்.

ரேடியோ ரூம் கதை எங்க ஆயா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அம்மா பொறந்த ஊரு பென்னாகரம் பக்கம். ஊர் நடுவுல ஒரு வேப்பமரம், பக்கத்துல சின்னதா ஒரு ரூம், மேல கூம்பு ஸ்பீக்கர். சாயந்தரம் பஞ்சாயத்து ஆள் ஒருத்தர் வந்து பூட்டைத் திறந்து ரேடியோ போடுவாராம். செய்தி, விவசாயத் தகவல், கிராமியப் பாட்டு எல்லாம் வரும். ஆம்பளைங்க திண்ணையில உக்காந்து பீடி பிடிச்சுக்கிட்டே கேப்பாங்களாம். "நீ எங்க ஆயா உக்காந்து கேட்டே?"ன்னு நான் கேட்டதுக்கு ஆயா சிரிச்சாங்க. "நான் எங்கடி உக்காந்தேன்? வீட்டுல திருகைக் கல்லுல ராகி அரைச்சுக்கிட்டே கேட்டேன். கல்லு சத்தத்துல பாதிப் பாட்டு கேக்காது. நல்ல பாட்டு வந்தா கல்லை நிறுத்துவேன். உங்க தாத்தா வர்ற மாதிரி தெரிஞ்சா மறுபடியும் சுத்துவேன்"னு சொன்னாங்க.

ஊர் நிர்வாகம் மக்களுக்கு ரேடியோ போடறது நம்ம தமிழ்நாட்டுல ரொம்பப் பழைய சங்கதி. 1924ல சென்னையில சில பேர் சேர்ந்து ஒரு ரேடியோ கிளப் ஆரம்பிச்சாங்க. பணம் பத்தாம மூணு வருஷத்துல நின்னு போச்சு. கருவியை மாநகராட்சிக்கே குடுத்துட்டாங்க. சென்னை மாநகராட்சி 1930 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்து தானே ஒலிபரப்பு நடத்துச்சு. மெரினா கடற்கரையில ஒலிபெருக்கி வச்சு சாயந்தரம் பாட்டுக் கச்சேரி கேக்க வச்சாங்க. 1938ல அகில இந்திய வானொலி சென்னைக்கு வர்ற வரைக்கும் இது நடந்துச்சு. ரோடு, சாக்கடை பாக்கற மாநகராட்சி பாட்டும் போட்டுச்சுன்னு படிச்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு.

எங்க காலத்துல அந்த ரேடியோ ரூம் டிவி ரூம் ஆயிடுச்சு. மரப்பெட்டிக்குள்ள டிவி, பெட்டிக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு. வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும், ஞாயித்துக்கிழமை படம். சின்னப் பசங்க முன்னாடி மண்ணுல உக்காருவோம், ஆம்பளைங்க திண்ணையில, பொம்பளைங்க எல்லாருக்கும் பின்னாடி இடுப்புல குழந்தையோட நிப்பாங்க. படம் முடியறதுக்குள்ள களி கிளறப் போயிடுவாங்க. எங்கம்மா பல படத்துக்கு கடைசியில என்ன ஆச்சுன்னு எங்கிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க. அப்ப எனக்கு அது பெருமையா இருந்துச்சு. இப்ப நினைச்சா சங்கடமா இருக்கு.

இந்த இடத்துல நம்ம சங்கத்தோட கதை வருது. தமிழ்நாட்டுல மகளிர் சுய உதவிக் குழு முதல்ல ஆரம்பிச்சது நம்ம தர்மபுரி மாவட்டத்துலதான். 1989ல. பன்னாட்டு வேளாண்மை வளர்ச்சி நிதியம்னு ஐக்கிய நாடுகளோட ஒரு அமைப்பு, அதோட உதவியில, 1983ல ஆரம்பிச்ச தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்துச்சு. கடன் குடுக்க இந்தியன் வங்கி முன்வந்துச்சு. அப்ப கிருஷ்ணகிரியும் நம்ம மாவட்டத்துலதான் இருந்துச்சு, 2004லதான் பிரிஞ்சுது. இங்க நடந்ததைப் பாத்துதான் அப்புறம் சேலம், தென்னாற்காடு, மதுரை, ராமநாதபுரம்னு கொண்டு போனாங்க. 1997-98லிருந்து மகளிர் திட்டம்னு மாநிலம் முழுக்க வந்துச்சு. இது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச வரலாறுதான். கூட்டத்துல அடிக்கடி சொல்லக் கேட்டிருப்பீங்க.

ஆனா எழுத்துல இல்லாத ஒண்ணு இருக்கு. எங்கம்மா சேர்ந்த சங்கம் கூட்டம் போட இடம் இல்லாம அலைஞ்சுது. ஒருத்தர் வீட்டுல போட்டா மாமியார் முகம் சுளிப்பாங்க, கோயில்ல போட்டா வர முடியாத நாள்னு சில பேர் நின்னுடுவாங்க. கடைசியில டிவி ரூம் திண்ணையில போட்டாங்க. பகல்ல ஆம்பளைங்க காட்டுல இருக்கற நேரம். அதுவரைக்கும் பொம்பளைங்க யாரும் அந்தத் திண்ணையில உக்காந்ததில்ல. மொத ரெண்டு கூட்டத்துக்குக் கீழ மண்ணுலயே உக்காந்தாங்களாம். மூணாவது கூட்டத்துல மழை வந்துச்சு. நனையாம இருக்கத் திண்ணையில ஏறினவங்க அப்புறம் இறங்கவே இல்லன்னு அம்மா சொல்வாங்க.

அஞ்சு ரூபா, பத்து ரூபா சந்தா வசூல் பண்ண அரை மணி நேரம் ஆகும். மீதி நேரம் பேச்சு, சிரிப்பு, கையெழுத்துப் பழகறது. சங்கம் ஆரம்பிச்ச நாளுக்குக் கும்மி அடிச்சாங்க. "வேலைவெட்டி இல்லாம உக்காந்து கதை பேசறாளுங்க"ன்னு ஊர்ல சொன்னது உண்மைதான், அம்மா அதை மறுக்க மாட்டாங்க. கடன் வேணும்னுதான் போனோம், ஆனா கடன் இல்லாத வாரமும் போனோம்னு சொல்வாங்க. கடனுக்குப் போறேன்னு சொன்னா வீட்டுல விடுவாங்க, சும்மா உக்காரப் போறேன்னு சொன்னா விடுவாங்களா?

அதே டிவி ரூம் முன்னாடிதான் 1998ல கலைப்பயணம் வந்துச்சு. எனக்கு அப்ப பத்து வயசு இருக்கும். நம்ம மாவட்டத்துக்குப் பெண் சிசுக் கொலைன்னு ஒரு கெட்ட பேர் இருந்துச்சு. அதை எதிர்த்து, டென்மார்க் அரசு உதவியோட நடந்த சுகாதாரத் திட்டத்துல கிராமம் கிராமமா தெரு நாடகம் போட்டாங்க. பறை அடிச்சுப் பாட்டுப் பாடி நடிச்சாங்க. கூத்து பாக்கறதுன்னா நம்ம பக்கம் பொம்பளைங்க விடிய விடிய உக்காருவாங்க. அதனால அன்னைக்கு யாரும் பின்னாடி நிக்கல. நாடகத்துல குழந்தை பொறந்த உடனே மாமியார் ஒரு வார்த்தை சொல்வாங்க. அந்த வார்த்தை வந்தப்ப எங்க பக்கத்துல இருந்த ஒரு பாட்டி எழுந்து விறுவிறுன்னு போயிட்டாங்க. ஏன் போனாங்கன்னு அம்மாகிட்ட கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்திட்டாங்க. பொழுதுபோக்குன்னு நாம சொல்ற ஒரு நாடகம் என்னவெல்லாம் செய்யும்னு எனக்குப் புரிஞ்சது ரொம்ப வருஷம் கழிச்சுதான்.

இனி சட்டத்தைப் பத்திக் கொஞ்சம். இதை ஒரு பயிற்சியில கேட்டுக்கிட்டு வந்தேன், அப்புறம் புத்தகம் வாங்கியும் படிச்சேன். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ல வந்துச்சு. அதுல 110ஆவது பிரிவு, ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய வேலையைச் சொல்லுது. ரோடு, தெருவிளக்கு, சாக்கடை, குடிதண்ணி இதெல்லாம். 111ஆவது பிரிவு, ஊராட்சி விரும்பினா செய்யலாம்னு ஒரு பட்டியல் போடுது. படிப்பகம், வானொலிப் பெட்டி, விளையாட்டுத் திடல், பூங்கா, உடற்பயிற்சி நிலையம், மக்களோட பொழுதுபோக்குக்கான வசதி எல்லாம் இந்த ரெண்டாவது பட்டியல்லதான் வருது. எனக்கு அப்பதான் புரிஞ்சுது. தண்ணி வரலன்னா காலிக் குடத்தோட ரோட்டுல உக்காரலாம். பூங்கா இல்லன்னு யார் உக்காருவாங்க? யாராவது கேட்டாத்தான் நடக்கும், இல்லன்னா மேலிருந்து ஒரு திட்டம் வரணும்.

ஓய்வு ஒண்ணும் சலுகை இல்ல. 1948 டிசம்பர் 10ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்துல 24ஆவது பிரிவே ஓய்வும் பொழுதுபோக்கும் எல்லாருக்கும் உரிமைன்னு சொல்லுது. அந்தப் பிரகடனத்தோட முதல் பிரிவுல 'எல்லா ஆண்களும்'னு வர இருந்ததை 'எல்லா மனிதர்களும்'னு மாத்த வச்சது நம்ம நாட்டுலிருந்து போன ஹன்சா மேத்தா என்கிற அம்மா. ஆனா நம்ம நிலைமை என்ன? 2019ல மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கெடுப்புல, வீட்டு வேலை செய்யறவங்கள்ல பொம்பளைங்க ஒரு நாளைக்கு 299 நிமிஷம், ஆம்பளைங்க 97 நிமிஷம் அதுக்குச் செலவு பண்றதா வந்துச்சு. அந்த 97 நிமிஷ ஆம்பளை எந்த ஊர்ல இருக்கார்னு எங்க சங்கத்துல கேட்டுச் சிரிச்சோம்.

மேலிருந்து திட்டங்களும் வந்துச்சு. 2006லிருந்து அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்துல ஊராட்சிக்கு ஊராட்சி நூலகமும் விளையாட்டுத் திடலும் வந்துச்சு. அதே வருஷம் வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி குடுக்க ஆரம்பிச்சாங்க. இலவச டிவி வந்தது நல்லதுதான், எங்கம்மா முதல் முறையா ஒரு படத்தை முழுசா பாத்தாங்க. ஆனா டிவி ரூமுக்கு ஆள் வர்றது நின்னு போச்சு. பின்னாடி நின்னாவது ஊரோட சேர்ந்து பாத்த பொம்பளைங்க அவங்கவங்க வீட்டுக்குள்ள போயிட்டாங்க. விளையாட்டுத் திடல்ல பசங்க கிரிக்கெட் ஆடினாங்க. நூலகத்துக்கு எங்க ஊர்ப் பொண்ணுங்க சில பேர் போனாங்க, அதுவும் பள்ளிக்கூடம் படிக்கற வரைக்கும்தான்.

எனக்குக் கல்யாணம் ஆகி வந்த ஊரு காரிமங்கலம் பக்கம். 2016ல கிராம ஊராட்சிகள்ல 500 இடத்துல அம்மா பூங்கா, 500 இடத்துல உடற்பயிற்சிக் கூடம்னு அறிவிச்சாங்க. அதுல ஒரு பூங்கா எங்களுக்கு வந்துச்சு. அந்த வருஷம் அக்டோபர்ல ஊராட்சித் தலைவர்கள் பதவிக்காலம் முடிஞ்சு, 2019 டிசம்பர் வரைக்கும் தேர்தலே நடக்கல. கட்டி முடிச்ச பூங்காவை யார் பாத்துக்கறதுன்னு தெரியாம பூட்டியே கிடந்துச்சு. சாயந்தரமானா சுவர் ஏறிக் குதிச்சுக் குடிக்கறவங்க மட்டும் போனாங்க. நாங்க அந்தப் பக்கமே போக மாட்டோம்.

2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்க. நம்ம சங்கத்துப் பொம்பளைங்களே தன்னார்வலரா வீட்டுக்கு வந்து பிரஷர், சுகர் பாத்தாங்க. எங்க சங்கத்துல பதினஞ்சு பேர்ல ஆறு பேருக்கு சுகர் இருந்துச்சு, அதுல நாலு பேருக்கு அன்னைக்குதான் தெரியும். மாத்திரையோட தினமும் அரை மணி நேரம் நடக்கணும்னு சொன்னாங்க. காட்டுல நாள் பூரா குனிஞ்சு நிமிர்ற எங்களுக்கு நடையான்னு முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. நடக்கறதுன்னாலும் எங்க நடக்கறது? ரோட்டுல மாங்கா லாரி போகுது. அப்பதான் பூட்டிக் கிடக்கற பூங்கா நடைபாதை ஞாபகம் வந்துச்சு.

2022 மே 1 கிராம சபையில கேட்டோம். "மொதல்ல தண்ணி பாப்போம், நடையை அப்புறம் பாக்கலாம்"னு ஒருத்தர் சொன்னார், எல்லாரும் சிரிச்சாங்க. நானும் உக்காந்துட்டேன். ஆகஸ்ட் 15க்கு 111ஆவது பிரிவை எழுதி எடுத்துக்கிட்டுப் போனோம், நாப்பத்தி மூணு கையெழுத்து. பதில் வரல. அக்டோபர் 2ஆம் தேதி எங்க மாமியாரே எழுந்து, "எனக்கு முட்டி வலி, எங்க போய் நடக்கறது சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு எழுபது வயசு, கிராம சபையில அதுவரைக்கும் வாயே திறந்ததில்ல. அன்னைக்குத் தீர்மானம் எழுதினாங்க. ரெண்டு மாசத்துல முள்ளு வெட்டி, ரெண்டு விளக்கு போட்டாங்க. சாவி எங்க கூட்டமைப்புக்கு வந்துச்சு. சாயந்தரம் அஞ்சரையிலிருந்து ஏழு வரைக்கும் பொம்பளைங்க நேரம்னு பேசி வச்சுக்கிட்டோம். 2024ல ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணம் வந்தப்ப வாலிபால் எங்க பொண்ணுங்களுக்கும் வேணும்னு வாங்கிட்டு வந்தோம். வலை கட்டறதுக்குக் கம்பம்தான் இல்ல, வேப்பமரத்துல ஒரு பக்கம் கட்டியிருக்கு.

மொத நாள் நடக்க வந்தது ஒம்பது பேர். இப்ப முப்பதுக்கு மேல வர்றோம். சில பேர் நடக்க மாட்டாங்க, பெஞ்சுல உக்காந்து பேசிட்டுப் போவாங்க. கழிப்பறையில தண்ணி இன்னும் வரல. 2025 ஜனவரியோட தலைவர் பதவிக்காலம் மறுபடியும் முடிஞ்சு தனி அலுவலர் வந்தார். போன மாசம் ஒரு விளக்கு போயிடுச்சு. மனு குடுத்திருக்கோம். அதுவரைக்கும் இருட்டறதுக்குள்ள போயிட்டு வரணும்னு எங்க மாமியார் நாலரைக்கே செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல நிக்கறாங்க.