பூர்வீகம் அறிதல் (தத்துப் பிள்ளைகள், வளர்ப்புப் பிள்ளைகள்)

பெற்றோரைப் பிரிந்து வேறு வீட்டிலோ இல்லத்திலோ வளரும் குழந்தை, தான் யாருக்குப் பிறந்தோம், ஏன் இடம் மாறினோம் என்பதை வயதுக்கேற்ப அறிந்து தெளிய, வளர்ப்போர் செய்யும் உதவி. மேல்நாட்டுச் சமூகப் பணியில் 'வாழ்க்கைக் கதைப் பணி' என்பர். தமிழகத்தில் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி, சைவ நாயன்மார் சுந்தரரின் வரலாறு. அதில் வரும் சுந்தரர், பெற்றோர் இருவர், வளர்த்தவர் ஆகிய நால்வரையும் ஒரே பாறையில் காணக்கூடிய ஊர்களுள் ஒன்று குடுமியான்மலை.

சொற்கள்

தத்து, சுவீகாரம், பிள்ளை கூட்டுதல் ஆகியவை வழக்கில் உள்ளன. சுந்தரர் வரலாற்றைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழார் ஆளும் சொல் 'மகன்மை'. குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த வீடுகளில், பிறந்த பிள்ளையைப் பிறரிடம் கொடுத்துத் தவிட்டுக்குத் திரும்ப வாங்கும் சடங்கு இருந்தது. 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்' என்ற கேலி அதிலிருந்து வந்தது. எல்லாப் பிள்ளைகளும் கேட்டுச் சிரிக்கும் இந்தச் சொல், தத்துப் பிள்ளையின் நெஞ்சில் மட்டும் தைக்கும்.

குடுமியான்மலையும் சுந்தரரும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள இவ்வூரின் பழம்பெயர் திருநலக்குன்றம். சிகாநாதர் கோயிலும் மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய இசைக் கல்வெட்டும் புகழ் பெற்றவை. குன்றின் மேற்பகுதியில், விடைமேல் அமர்ந்த சிவபெருமானும் உமையும் நடுவிலிருக்க, 63 நாயன்மார்களைப் பாறையில் வரிசையாகப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கியுள்ளனர்.

அவ்வரிசையில் சுந்தரர், அவரைப் பெற்ற சடையனார், இசைஞானியார், வளர்த்த நரசிங்க முனையரையர் ஆகிய நால்வரும் உண்டு. திருநாவலூர்த் தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையைக் கண்ட அரசர் முனையரையர், நட்பின் உரிமையால் பெற்றோரிடம் கேட்டுப் பெற்று, இளவரசனாகவே வளர்த்தார் என்கிறது பெரியபுராணம். ஆயினும் பிறந்த ஆதிசைவ மரபு மாறவில்லை. உபநயனமும் மணப்பேச்சும் அம்மரபிலேயே நடந்தன.

புத்தூரில் நடந்த திருமணத்தில் ஒரு முதியவர் ஓலையுடன் வந்து, மணமகனின் பாட்டனார் வழிவழி அடிமை எழுதிக் கொடுத்ததாக வழக்கிட்டார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்தார். அது படி ஓலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவையில் வெளிவந்தது. காப்பில் இருந்த பாட்டனாரின் வேறொரு ஓலையை வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தே அவையோர் தீர்ப்புச் சொன்னார்கள். பாட்டனாரின் பெயரும் ஆரூரன். பேரனின் பெயரும் அதுவே. சைவர்களுக்கு இது சிவபெருமானே முதியவராக வந்து தடுத்தாட்கொண்ட அருட்செயல். பூர்வீகம் அறிதல் என்ற நோக்கில் பார்த்தால், குடும்ப ஆவணம் காப்பில் பத்திரமாக இருந்ததும், கிழித்தாலும் உண்மை அழியாமல் நின்றதும் கருதத்தக்கவை.

சுந்தரர் பின்னர்ப் பாடிய 11 பாடல்கள் கொண்ட திருத்தொண்டத்தொகையில், வளர்த்த முனையரையரை அடியார்களுள் ஒருவராக வணங்குகிறார். இறுதிப் பாட்டில் தம்மைச் சடையனுக்கும் இசைஞானிக்கும் மகன் என்று அடையாளம் காட்டுகிறார். நம்பியாண்டார் நம்பி சுந்தரரையும் பெற்றோரையும் சேர்த்து 63 என நிறைவு செய்தார். பெற்றவர் பெயரைச் சொன்னதால் வளர்த்தவர் பெயர் குறைந்துவிடவில்லை. இன்று தத்தெடுப்போர் பலரை வாட்டும் அச்சத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி இல்லை.

அரச குடும்பமும் நகரத்தாரும்

புதுக்கோட்டையில் 1886இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், இராமச்சந்திரத் தொண்டைமானின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தாவே அவரைத் தத்தெடுத்தார். நகரத்தாரிடையே தங்கள் சமூகத்துக்குள்ளேயே பிள்ளை கூட்டும் வழக்கம் வலுவானது. 1927இல் சிறுகூடல்பட்டியில் முத்தையாவாகப் பிறந்த கவிஞர் கண்ணதாசன், 7,000 ரூபாய்க்குக் காரைக்குடி வீடொன்றுக்குத் தத்துப் போய், அங்கே நாராயணன் என்ற பெயரில் வளர்ந்தார்.

இவ்வகைத் தத்தில் பெற்ற வீடு எது என்பதை ஊரே அறியும். ஆனால் இவை பெரும்பாலும் வாரிசுக்காக ஆண் பிள்ளைகளை எடுத்தவை. கைவிடப்பட்ட பெண் குழந்தைக்கு அப்படிச் சொல்லத் தெரிந்த ஊர் இல்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தில் வந்த பிள்ளைகளில் பலருக்குப் பூர்வீகம் என்று இருப்பது ஒரு கோப்பு மட்டுமே.

சட்டம்

1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டப்படி தத்துப் போன நாளிலிருந்து பிறந்த குடும்பத்து உறவு சட்டத்தின் பார்வையில் அற்றுவிடும். ஆனால் மண உறவுக்கான தடை நீடிக்கும். 1984இல் லட்சுமிகாந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வெளிநாட்டுத் தத்துக்கு நெறிமுறை வகுத்தது. இந்தியா 2003இல் ஏற்ற ஹேக் உடன்படிக்கை, குழந்தையின் பிறப்புப் பற்றிய தகவல்களைப் பாதுகாக்கச் சொல்கிறது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தையை ஒப்படைக்கும் பெற்றோர் முடிவை மாற்றிக்கொள்ள 60 நாள் அவகாசம் உண்டு. 2022ஆம் ஆண்டு தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளின்கீழ் 18 வயது நிரம்பியவர் தாமாகவும், நிரம்பாதவர் தத்துப் பெற்றோருடன் சேர்ந்தும் பூர்வீகம் தேட விண்ணப்பிக்கலாம். மூன்றாமவருக்கு இடமில்லை. பெற்றவர் தம் அடையாளத்தை மறைக்கக் கோரியிருந்தால் அவரது இசைவு வேண்டும். ஸ்காட்லாந்தில் 1930ஆம் ஆண்டுச் சட்டமே வளர்ந்த தத்துப் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவைப் பார்க்கும் உரிமையைக் கொடுத்துவிட்டது.

முறை

மூன்று நான்கு வயதிலேயே, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் சிறிது சிறிதாகச் சொல்லிவருவதே சரியான முறை. 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்துச் சிறுமி அமுதா ஒன்பதாம் பிறந்த நாளில் திடீரென உண்மையை அறிந்து தத்தளிக்கிறாள். அப்படி ஒரு பெரிய நாளுக்காகக் காத்திருக்கக் கூடாது. பக்கத்து வீட்டார் வாயிலிருந்து தெரியவிடவும் கூடாது.

சொல்வதற்கு உதவியாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வர். கிடைத்த நாள், அப்போதிருந்த எடை, சுற்றியிருந்த துணியின் நிறம், முதலில் தூக்கியவர், இல்லத்தில் வைத்த பெயர், வீட்டுக்கு வந்த அன்று எடுத்த படம் ஆகியவை அதில் இடம்பெறும். தெரியாததற்குக் கதை கட்டாமல், பக்கத்தை வெறுமையாக விடுவதே நேர்மை. 'வேண்டாம் என்று போட்டுவிட்டுப் போனாள்' என்பதற்குப் பதிலாக, 'வளர்க்க முடியாத நிலையில் இருந்தாள்' என்று சொல்லலாம், அது உண்மையாக இருக்கும்போது. வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளைக்குப் பெற்றோரின் முகமும் வீடும் நினைவில் இருக்கும். தன் குற்றத்தால்தான் பிரிந்தோம் என்று அது எண்ணிக்கொள்ளாமல் பார்ப்பதே அங்கு முதல் வேலை.

இன்றைய நிலை

மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழுவும் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் இயங்குகின்றன. இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் 2022 முதல் தத்து ஆணையை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார்.